கடைசி ஐந்து மீற்றர்

இடது கையால் படகின் நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கமலநாதன் மேலே பார்த்தான். படகின் அடிவயிறு தெரிந்தது, அதன் ஓரத்தில் ஏணி தெரிந்தது, ஏணியில் கால்கள் இல்லை. ஏறி முடித்தவளுக்கு ஏணியில் கால்கள் இருக்க வேண்டியதில்லை. கீழே பார்த்தான். கயிறு நீலத்துக்குள் இறங்கி, மெலிந்து, ஓரிடத்தில் இல்லாமல் போயிருந்தது. மனைவி யோகராணி இந்த இரண்டில் ஒன்றில் இருந்தாள். மேலே படகில் துவாயைப் போர்த்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தபடி, அல்லது கீழே அவன் படமெடுத்த அந்தக் கல்லின் அடியில். மூன்றாவது இடம் கிடையாது. தலையை வெளியே நீட்டிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஐந்து மீற்றர். வீட்டு மாடிப்படி அளவு. ஆனால் மணிக்கட்டில் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கொம்பியூட்டர் ஏறாதே என்றது. கீழே அதிக நேரம் நின்றுவிட்டான், அவ்வளவு நேரமும் உடம்பு வாங்கிக்கொண்ட வாயுவை இங்கே நின்று மெதுவாக வெளியே விட வேண்டும், விடாமல் ஏறினால் இரத்தத்துக்குள் குமிழி கட்டும். அவர்கள் வாழ்கிற குளிர்நாட்டு ஓலசுண்டில், சுழியோடிக் கழகத்து ஐனார் அப்படித்தான் ஏறினான். பயந்து ஏறவில்லை, சலித்துப்போய் ஏறினான். கிறிஸ்மஸ் விருந்துக்கு அவனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மேசைக்கு அடியில் நாய் அவனுடைய காலை நக்கிக்கொண்டிருந்தது, அது அவனுக்குத் தெரியவில்லை, யோகராணிதான் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காரில் வரும்போது சொன்னாள்: 'நாய் நக்கினதும் தெரியேல்லை அந்தாளுக்கு.' நிற்க வேண்டிய நிமிடங்களைக் காட்டும் கொம்பியூட்டரின் எண் மாறவில்லை. பழுதாகியிருக்குமோ என்று கையைத் தட்டிப் பார்த்தான். மாறியது. பழுதில்லை. பழுதில்லாததும் ஒரு தொல்லையாக இருந்தது.

அவள் ஏறியிருப்பாள். அவளுக்குச் சிலிண்டரில் காற்று அவனைவிட மிஞ்சும், எப்போதும் மிஞ்சும், சின்ன நெஞ்சு. கரையேறியதும் மிஞ்சிய காற்றைக் காட்டும் இரண்டு பேருடைய முள்ளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, 'நீங்கள் மீனைப் பாத்து மூச்சு வாங்கிறியள்' என்று நக்கலடிப்பாள். ஏறியிருந்தால் இந்தக் கயிற்றின் வழியாகத்தான் ஏறியிருக்க வேண்டும். கயிற்றில் பாசி படிந்திருந்தது, பிடித்த கையின் தடம் பாசியில் தெரியுமா என்று பார்த்தான், அவனுடைய கைத்தடமே தெரியவில்லை. அங்கே, குளிர்நாட்டில், இந்தக் கேள்வியே வராது. அங்கே கடல் கறுப்பு. ஒரு கை நீளத்துக்கு அப்பால் ஆள் இல்லை, வெளிச்சம் மட்டும் இருக்கும். அதனால் இரண்டு பேருடைய மணிக்கட்டையும் ஒரு துண்டுக் கயிறு கட்டியிருக்கும். அவள் ஒரு தரம் இழுத்தால் இருக்கிறேன், இவன் ஒரு தரம் இழுத்தால் இருக்கிறேன். தடித்த உடுப்பு, தடித்த கையுறை, இடுப்பில் ஈயம், முகத்தில் தண்ணீர் படுகிற இடம் மட்டும் கத்தி வைத்தது போல எரியும். அவன் படம் எடுப்பான், அவள் ரோச்சைப் பிடிப்பாள். எந்தப் பக்கம் பிடிக்க வேண்டுமென்று அவளுக்குச் சொல்லத் தேவையில்லை, அவனுடைய தோள் திரும்புகிற விதத்திலேயே தெரிந்துகொள்வாள். கழகத்தின் சுவரில் மாட்டியிருக்கிற அவனுடைய படங்கள் எல்லாவற்றிலும் உள்ள வெளிச்சம் அவளுடையது. இங்கே வந்தபோது அந்தத் துண்டுக் கயிற்றையும் அவள் பெட்டியில் வைத்திருந்தாள். இவன்தான் அதை விடுதி மேசையில் விட்டுவிட்டு வந்தான். கண்ணாடி மாதிரித் தண்ணீர். எவ்வளவு தூரத்திலும் ஆள் தெரியும். தெரியும் என்றால் திரும்பிப் பார்த்தால் தெரியும்.

காலையில் படகில் அவள் கேட்டாள்: 'இஞ்சேருங்கோ, இண்டைக்கு நான் லைட் பிடிக்கிறனோ?' இவன் தண்ணீர் புகாத கமராப் பெட்டியின் மூடி விளிம்புக்குக் கிறீஸ் பூசிக்கொண்டிருந்தான், ஒரு மயிர் ஒட்டினாலும் தண்ணீர் புகுந்துவிடும், நிமிர்ந்து பார்க்கவில்லை. 'தேவையில்லை. வெய்யில் காணும். நீர் சும்மா சுத்திப் பாரும்.' 'அப்ப நான் என்னத்துக்கு வாறன்?' 'மீன் பாக்க.' 'நான் ஃபக்டரியில பாக்காத மீனே?' அதற்குச் சேவியர் சிரித்தான். சேவியர்தான் சுழியோடிகளைக் கூட்டிப் போகிறவன், திருகோணமலைக்காரன், நாற்பது தாண்டியவன், எதற்கும் சிரிப்பான். 'அக்கா ஃபக்டரியில என்ன செய்தனீங்கள்?' 'கொட் மீனுக்குத் தலை வெட்டினனான், பதினெட்டு வருசம். இனி ஒரு மீனும் என்னை நம்பாது.' படகோட்டி மஜீது நானாவும் சிரித்தார். சிரிப்பின் நடுவில் அவள் இருமினாள். சிரித்ததால் இருமினாளா, இருமல் வந்தபோது சிரிப்பும் இருந்ததா. இரண்டு நாளாக அந்த இருமல் இருந்தது. விடுதிப் படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். 'ஏசிக் குளிர்' என்றாள். இவன் அதற்கு என்ன சொன்னான்? பிளாஷ் பற்றரி நான்கும் சார்ஜ் ஏறியிருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். யோசித்தது நன்றாக நினைவிருக்கிறது. அவள் கைப்பிடியைப் பிடித்திருந்த விதமும் நினைவிருக்கிறது. அப்போது பார்த்ததாக நினைவில்லை, இப்போது தெரிகிறது. 'நானும் கூட வரட்டே அண்ணை?' என்று சேவியர் கேட்டான். 'வேண்டாம். நாங்கள் கறுத்தத் தண்ணிக்குள்ள இறங்கிற ஆக்கள்.' 'அப்ப நல்லது. நான் மேல இருந்து ஒரு சிகரெட் பத்துறன்.' அவனுக்குச் சந்தோஷம். எல்லோருக்கும் சந்தோஷம். ஏன் இப்போது ஒவ்வொருவராக எண்ணிப் பார்க்க வேண்டும், அவள் மேலே இருந்தால் இதெல்லாம் ஒன்றுமில்லையே.

எங்கோ உலோகம் உலோகத்தில் அடிபட்டது. டண். டண். டண். அலையில் ஏணி படகில் மோதுகிறது என்று நினைத்தான். ஒழுங்காகக் கட்டாத ஏணி. இந்த ஊரில் எதையும் ஒழுங்காகக் கட்டமாட்டார்கள். கமராவை முகத்துக்கு நேரே பிடித்து, திரையை ஒளிரவிட்டு, எடுத்த படங்களைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளினான். எந்தப் படம்வரை அவள் இருந்தாள் என்று பார்க்க வேண்டும். அவளுடைய கால்துடுப்பு மஞ்சள். கிட்டப் படம் எடுக்கிற வில்லையில் பின்னாலிருப்பது எதுவும் தெளியாது, ஆனால் மஞ்சள் ஒரு கறையாக விழும். கடைசிப் படத்தில் கறை இல்லை. அதற்கு முந்தியதில் இல்லை. எல்லாப் படத்திலும் ஒரே மீன், விரல் நீளம், சிவப்பு. கல்லிடுக்கில் அசையாமல் நின்ற ஆண் மீன். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், ஆண் அவ்வளவு முட்டையையும் வாய்க்குள் வைத்துக் காக்கும், தின்னாது, வாயைத் திறக்காது. முட்டைக்கு மூச்சு விட ஒரு கணம் மட்டும் வாயைத் திறந்து, எல்லாவற்றையும் வெளியே தள்ளி, புரட்டி, உள்ளே வாங்கிக்கொள்ளும். அந்த ஒரு கணம் வேண்டும். முட்டைகளுக்குள் கண்கள் வந்திருந்தால், வெள்ளிப் புள்ளிகளாகத் தெரியும். கழகத்தில் ஒருவனிடமும் அப்படியொரு படம் இல்லை. அதற்காகத்தான் வந்தது. அதற்காகத்தான் அவ்வளவு நேரம் நின்றது. குளிர்நாட்டில் அவ்வளவு நேரம் நிற்கவே முடியாது. குளிர் விடாது. விரல் முதலில் சொல்லும், பிறகு தாடை சொல்லும், பிறகு புத்தி மெல்ல நழுவும், அதற்குமுன் ஏறிவிட வேண்டும். குளிர்தான் அங்கே மேய்ப்பன். இங்கே ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் உடம்பின் சூட்டிலேயே இருந்தது, உடம்பு எங்கே முடிகிறது தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை, மீன் வாயைத் திறக்கவில்லை, இவன் நின்றான். தள்ளிக்கொண்டே போனான். மஞ்சள் இல்லை. மஞ்சள் இல்லை. பிறகு இருந்தது. இடது மூலையில் ஒரு கறை. அதற்கு முந்திய படத்தில் அதே கறை, அதே இடத்தில். அதற்கும் முந்தியதில். அவள் அங்கேயே நின்றிருக்கிறாள். நீந்தவில்லை, சுற்றிப் பார்க்கவில்லை, ஓரிடத்தில் நிமிர்ந்து நின்று இவனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்குப் பிறகு எடுத்த படத்தில் இல்லை.

அவள் கையைக் காட்டியது அப்போதுதான். அதை நினைக்காமலே இவ்வளவு நேரமும் வேறு வேறு வழியாகச் சுற்றி வந்தான் என்பது கமலநாதனுக்குத் தெரியாமலில்லை. இரண்டு கைகளையும் மார்பில் குறுக்கே கட்டிக் காட்டினாள். குளிருது, மேலே போவோம். அங்கே அது சட்டம். தொடங்கிய காலத்தில் ஒருமுறை அவள் அப்படிக் காட்டியபோது, பாறைக்குள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு கிழட்டு மீனுக்காக, ஒரு நிமிடம் பொறு என்று இவன் விரலை நீட்டினான். மேலே வந்தபோது அவளுடைய விரல்கள் மெழுகு போல வெளுத்திருந்தன, வாரைக் கழற்ற முடியவில்லை, அழவும் முடியவில்லை. பயிற்சியாளர் அவளைப் பார்க்காமல் இவனைப் பார்த்துச் சொன்னார், குளிர் என்று ஒருவர் சொன்னால் மற்றவருக்கு அதில் பேச்சில்லை. அன்றிலிருந்து பேச்சில்லை. அவள் காட்டினால் இவன் ஏறினான், இவன் காட்டினால் அவள் ஏறினாள், எவ்வளவு பெரிய மீன் முன்னால் நின்றாலும். அது வீட்டுக்குள்ளும் வந்தது. குசினியில் சண்டை முற்றி, இனி ஒரு சொல் சொன்னால் அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்க முடியாது என்கிற இடத்தில் அவள் இரண்டு கையையும் மார்பில் கட்டுவாள். இவன் நிறுத்திவிடுவான். மகன் கல்யாணம் கட்டி வேறு நகரத்துக்குப் போன பிறகு, பேச ஆளில்லாத அந்த வீட்டை அவ்வளவு காலமும் தாங்கியது அந்த ஒரு சைகைதான். இங்கே முதல் நாள் இறங்கியவுடன் அவள் அதைப் பகிடியாகச் செய்தாள். வெந்நீர் போன்ற கடலில், மெல்லிய உடுப்போடு, கைகளைக் கட்டிக்கொண்டு பல் கிட்டுவது போல நடித்தாள். இவனுக்கு வந்த சிரிப்பில் மாஸ்க்குக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. மேலே வந்து அவள் சொன்னாள்: 'தண்ணிக்க இறங்கிறதுக்கு உடுப்புக் கழட்டினது இதுதான் முதல் தரம். வெக்கமாக் கிடக்குது.' பிறகு ஒவ்வொரு முறையும் செய்தாள். இன்றும் செய்தாள். இவன் திரும்பிப் பார்த்தான், சிரித்தான், வாயில் குழாய் இருந்தால் சிரிப்பு வெளியே தெரியாது, அதனால் தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு மீனுக்குத் திரும்பினான். அவள் ஒரு தரம்தான் காட்டினாளா? பகிடி ஒரு தரத்தோடு முடிந்துவிடும். திரும்பியபோது அவள் இன்னும் கையைக் கட்டியபடியே இருந்தாளா? கண்களை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான். மாஸ்க் கண்ணாடியில் வெயில்தான் வந்தது. அவளுக்குக் குளிரவில்லை. இந்தத் தண்ணீரில் யாருக்கும் குளிராது. குளிராதவள், ஏற வேண்டுமென்றால் வேறு என்ன காட்டியிருப்பாள்? கட்டைவிரலை மேலே காட்டியிருக்கலாம். காட்டினால் இவன் பொறு என்று விரலை நீட்டியிருப்பான், அது அவளுக்குத் தெரியும். இவன் மறுக்க முடியாத ஒரு சைகைதான் அவளிடம் இருந்தது. அதைத்தான் எடுத்தாள்.

கயிற்றை விட்டான். தலைகீழாகத் திரும்பி நீலத்துக்குள் உதைத்தான். காதில் அழுத்தம் ஏறியது, கையிலிருந்த கொம்பியூட்டர் கீச்சென்று கத்தியது, காற்று முள் சிவப்பின் விளிம்பில் நின்றது. கல்வரை போகலாம். போய் ஒருமுறை சுற்றலாம். திரும்பி வந்து நிற்கக் காற்று இருக்காது. ஐனாரின் கால், மேசைக்கு அடியில் நாய். கீழே ஒரு மஞ்சள் தெரிந்தது. உதைத்தான். மஞ்சள் திரும்பி, தட்டையாகி, மீனாகி, இன்னும் பத்துப் பதினைந்து மஞ்சள் மீன்களோடு சேர்ந்து போனது. நின்றான். நின்ற இடத்தில் மேலும் இல்லை, கீழும் இல்லை, தன்னுடைய மூச்சு மட்டும் ஒரு பழைய பம்பு போல இரைந்தது. ஒருமுறை கோபத்தில் வீட்டைவிட்டு வெளியேறிக் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள், பனி கொட்டிக்கொண்டிருந்தது, யன்னலில் நின்று பார்த்த இவன் இறங்கிப் போகவில்லை, பிறகு பால் பெட்டியோடு ஏறி வந்தாள், பால் முடிந்துவிட்டது என்றாள், முடிந்திருக்கவில்லை. அவள் வந்துவிடுவாள். எப்போதும் வந்துவிடுகிறவள். கீழே போவது வீண், அவள் கீழே இல்லை. இல்லை என்பது தெரிந்து சொல்கிறானா, போகப் பயந்து சொல்கிறானா என்று ஒரு கேள்வி வந்தது. அதற்குள் உடம்பு திரும்பிக் கயிற்றுக்கு ஏறியிருந்தது. கொம்பியூட்டர் இறங்கியதையும் கணக்கில் எடுத்து, நிற்க வேண்டிய நேரத்தைக் கூட்டிக் காட்டியது. டண், டண் என்ற சத்தம் மறுபடி கேட்டது, இந்தமுறை அவசரமாக. கடல் முரடாகிறது போல. பிறகு நின்றது. அதன்பின் வேறொரு சத்தம் வந்தது, பற்களின் வேருக்குள் அதிர்ந்தது. படகின் எஞ்சின். மஜீது நானா எஞ்சினைப் போட்டிருந்தார்.

அப்பாடா என்று இருந்தது. ஆள் குறைவாக இருக்கும்போது யாராவது எஞ்சினைப் போடுவார்களா? ஒரு ஆள் கீழே காணாமல் போயிருந்தால் சேவியர் இதற்குள் குதித்திருக்க மாட்டானா? வெளிக்கிட ஆயத்தப்படுகிறார்கள். ஒருவனுக்காக மட்டும் காத்திருக்கிறார்கள், அதுவும் பசியோடு. அவள் மேலே இருந்து சேவியரிடம் இவனைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருப்பாள், மீனுக்கு முன்னால் நின்றால் இந்தாளுக்கு வேர் விட்டுவிடும் என்றோ ஏதாவது. கோபமாக இருப்பாள். இரவு சாப்பிடும்வரை பேசமாட்டாள். இருக்கட்டும். கால்கள் தாமாகத் தொங்கின, வெயில் தண்ணீருக்குள் தூண் தூணாக இறங்கியிருந்ததை இப்போதுதான் கண்டான். கமராவை மறுபடி எடுத்தான். படங்களை முன்னோக்கித் தள்ளினான், மஞ்சள் கறை இருந்ததையெல்லாம் தாண்டி, மூடிய வாய், மூடிய வாய், மூடிய வாய், பிறகு அது. வாய் பிளந்து, முட்டைத் திரள் பாதி வெளியே வந்து, ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு வெள்ளிக் கண்கள். பெருப்பித்துப் பார்த்தான். கூர்மை ஒரு மயிரிழையும் பிசகவில்லை. மீனின் கண் மட்டும் கொஞ்சம் வெறித்தது போலிருந்தது, தன் வாயிலிருந்து வெளிவருவதைத் தானே நம்பாதது போல. இப்படியொரு படத்துக்குப் பிறகு ஒருவன் கமராவை விற்றுவிட்டுச் சும்மா இருக்கலாம். கொம்பியூட்டர் எண்ணைத் துடைத்துவிட்டு ஏறலாம் என்றது. அவன் ஏறவில்லை. சொன்ன நேரத்துக்கு மேல் இன்னும் கொஞ்சம் நிற்பதுதான் நல்ல சுழியோடியின் பழக்கம், கழகத்தில் எல்லோரும் அப்படித்தான், ஐனாருக்குப் பிறகு இன்னும் கூட. காற்று முள் சிவப்புக்குள் போய்விட்டது, ஆனால் இந்த ஆழத்தில் அது காணும். நின்றான். படத்தை இன்னொருமுறை பார்த்தான். எஞ்சின் மேலே உறுமியது, தணிந்தது, மறுபடி உறுமியது, பொறுமையில்லாதவர்கள் என்று நினைத்தான்.

தலை வெளியே வந்ததும் யாரோ அவனுடைய சிலிண்டரைப் பிடித்து இழுத்தார்கள். 'ஏறுங்கோ! கமராவை விடுங்கோ, ஏறுங்கோ அண்ணை!' சேவியரின் குரல் சேவியரின் குரல் போல இல்லை. கமலநாதன் கமராவோடு படகுக்குள் விழுந்தான். எழும்புவதற்குள் மஜீது நானா கயிற்றைக் கத்தியால் வெட்டிவிட்டார், படகின் மூக்கு தூக்கிக்கொண்டு பாய்ந்தது. யோகராணி பலகைமேல் கிடந்தாள். உடுப்பின் முன்பக்கத்தை வெட்டித் திறந்திருந்தார்கள். வாயோரத்தில் நுரை இருந்தது, இளஞ்சிவப்பாக. சேவியர் துவாயால் துடைத்தான், மறுபடி வந்தது. நெஞ்சு ஏறியதா இறங்கியதா என்று படகின் ஆட்டத்தில் தெரியவில்லை.

'எப்ப வந்தவ?'

'கன நேரம் அண்ணை. இருமி இருமித்தான் வந்தவ. நெஞ்சுக்க தண்ணி கட்டினது போல மூச்சு எடுக்க ஏலாமல் கிடந்தது. ஒட்சிசன் குடுத்தனாங்கள், அதுவும் முடிஞ்சு போச்சுது.'

'ஏன் கொண்டு போகேல்லை? ஏன் நிண்டனீங்கள்?'

சேவியர் நிமிர்ந்து பார்த்தான். 'உங்களைக் கடலுக்க விட்டிட்டுப் போகச் சொல்லுறியளோ? இந்த நீரோட்டத்தில ஏறினா ஆர் உங்களைப் பிடிக்கிறது? ஏணியில எவ்வளவு தட்டினனாங்கள், எஞ்சினையும் போட்டு உறும விட்டனாங்கள். கேக்கேல்லையே?'

கேட்டது என்று கமலநாதன் சொல்லவில்லை.

'நான் இறங்கி உங்களைக் கூட்டியரப் பாத்தனான்,' என்றான் சேவியர். குரல் தணிந்துவிட்டது. 'அக்கா கையை விடேல்லை. அப்ப கதைச்சவ. அவருக்குச் சொல்லிப்போட்டன், அவர் தலையாட்டினவர், எனக்குப் பின்னால வாறார், இப்ப வந்திடுவார் எண்டவ. அதுதான் நிண்டனாங்கள். இப்ப வந்திடுவியள் எண்டு நிண்டனாங்கள்.'

கமலநாதன் அவளுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தான். 'இஞ்சை பாரும்,' என்றான். 'இஞ்சை பாரும். வந்திட்டன்.' கண்கள் பாதி திறந்திருந்தன, வானத்தில் எதையோ கணக்குப் பார்ப்பது போல. படகு அலைகளின் முதுகில் அடித்து அடித்துப் போனது, ஒவ்வொரு அடிக்கும் அவளுடைய தலை சேவியரின் மடியில் துள்ளியது, சேவியர் ஒரு கையால் தலையை அணைத்துக்கொண்டு மற்றக் கையின் இரண்டு விரல்களை அவளுடைய கழுத்து நாடியில் வைத்திருந்தான். கரையில் தென்னைகள் இன்னும் புல் அளவுக்குத்தான் தெரிந்தன. சேவியர் விரல்களை எடுத்து வேறிடத்தில் வைத்தான். மறுபடி எடுத்து வைத்தான். பிறகு வைக்கவில்லை. பின்னால் திரும்பி மஜீது நானாவை மட்டும் பார்த்தான். நானா அந்தப் பார்வையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எஞ்சின் கைப்பிடியை மெல்லத் திருகினார். சத்தம் இறங்கியது. தூக்கியிருந்த படகின் மூக்கு தண்ணீரில் அமர்ந்தது. அதற்குப் பிறகு அவர்கள் மெதுவாகப் போனார்கள்.